காயக் கூடாத மணிகள்

தமிழ் தெரியும் என்ற ஒரே குற்றத்துக்காக என்னைத் திருத்தணிக்கு அனுப்பினார்கள். பினாங்கில் எங்கள் ஆய்வகத்தில் என்னைவிட நன்றாகப் படித்தவர்கள் நாலைந்து பேராவது தேறுவார்கள். ஆனால் மேலாளர் லிம் அம்மையார் நேராக என் மேசைக்கு வந்து, "உனக்குத்தான் அவர்கள் பேச்சு புரியும். போய், யார் கெடுத்தது என்று பார்த்து எழுதிக்கொண்டு வா" என்றார். மற்றவர்கள் எல்லாம் திடீரென்று கணினித் திரையை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

கெட்டுப்போனவை மணிகள். கோயில் மணி அல்ல. கசகசாவைவிடச் சற்றுப் பெரிய, ஜவ்வரிசி நிறத்துப் பிசின் உருண்டைகள். அவற்றின் மேல் ஒரு நொதியைப் பிடித்து ஒட்டவைத்து விற்பதுதான் எங்கள் பிழைப்பு. இந்த மணிகள் நிரம்பிய குழாய்க்குள் வெதுவெதுப்பான சர்க்கரைக் கரைசலை விட்டால், நொதி சர்க்கரையை இரண்டு விதச் சர்க்கரையாகப் பிளந்துவிடும். அப்படிப் பிளந்த பாகு எத்தனை நாள் வைத்தாலும் கட்டி தட்டாது. பிஸ்கட்காரர்களும் மிட்டாய்க்காரர்களும் விரும்பி வாங்குவார்கள்.

நொதியை அப்படியே கரைசலில் கலந்தாலும் வேலை நடக்கும். ஆனால் பாகோடு நொதியும் போய்விடும், ஒவ்வொரு தடவையும் புதிதாக ஊற்ற வேண்டும். மணியில் கட்டிப்போட்டால் பாகு போகும், நொதி நிற்கும், மாதக்கணக்கில் உழைக்கும். என் மனைவி ஆட்டுக்கால் சூப்பில் பட்டையையும் கிராம்பையும் துணியில் முடிந்து போடுவாள். சாரம் இறங்கிவிடும், முடிச்சு கையோடு வந்துவிடும். கிட்டத்தட்ட அதுதான் சங்கதி.

திருத்தணிக்கும் திருவாலங்காட்டுக்கும் நடுவே முனிரத்தினம் என்பவர் வைத்திருக்கும் சின்னப் பாகு ஆலையில் எங்கள் மணிகள் எட்டு மாதம் ஒழுங்காக உழைத்தன. ஆடிக் கிருத்திகைக்கு மூன்று நாள் ஆலையை மூடினார்கள். திறந்து பார்த்தால், போன சர்க்கரை போனபடியே வெளியே வந்தது. நொதி செத்துவிட்டது. நான் போனது அந்தப் பிரேத பரிசோதனைக்கு.

விடுதியில் வெந்நீர் காலை ஆறு முதல் ஏழு வரை என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். ஆறரைக்குக் குழாயைத் திறந்தேன். இருமியது. ஆறே முக்காலுக்கு இன்னொரு தடவை இருமியது. ஏழுக்கு நான் பச்சைத் தண்ணீரில் குளித்து முடித்துத் துவட்டும்போது வெந்நீர் கொட்டியது.

கிருத்திகை முடிந்து ஒரு வாரமாகியும் ஊரில் கூட்டம் கலையவில்லை. சந்தனம் பூசிய மொட்டைத் தலைகளோடு குடும்பம் குடும்பமாக நடுத்தெருவில் நடந்தார்கள். பின்னால் வரும் லாரி ஒலி எழுப்பினால், யாரோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல நின்று திரும்பிப் பார்த்தார்கள். சிற்றுண்டிக் கடையில் இட்லிக்கு வடகறி ஊற்றினார்கள். அதன் காரம் எல்லை தாண்டி ஆந்திராவிலிருந்து வந்திருக்க வேண்டும். வாய் எரிய டீ கேட்டேன். எங்கள் ஊரில் 'தே தாரிக்' என்று ஆற்றிக் கொடுக்கும் டீயின் குவளையில் அந்த டீயை நாலு தடவை ஊற்றலாம்.

ஒன்பது மணிக்கு முனிரத்தினம் தன் பைக்கில் வந்தார். ஐம்பது வயதிருக்கும், வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. ஆலைக்குப் போகலாமா என்றேன்.

"மொதல்ல மேல போயி சாமியப் பாத்துட்டு வந்துடலாம் சார். ஊருக்கு வந்தவங்க சாமியப் பாக்காம மிஷின்ல கைய வெச்சா நல்லா இருக்காது."

"மிஷின்தான் ஏற்கெனவே செத்துப்போச்சே?"

"அதான் சார் நானும் சொல்றேன்" என்றார்.

மலைக்கு வண்டி போகும் பாதை இருக்கிறது. ஆனால் அவர் படியேறுவதாக வேண்டுதலாம். வருடத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி. எங்கள் பினாங்குத் தண்ணீர்மலையில் தைப்பூசத்துக்குத் தவறாமல் ஏறுகிறவன் நான், அதனால் மிடுக்காகத்தான் தொடங்கினேன். சித்திரை, வைகாசி சுலபமாகப் போயிற்று. ஆவணி வந்தபோது நான் உட்கார்ந்துவிட்டேன். முனிரத்தினம் பக்கத்தில் நின்று, மூச்சுக்கூட வாங்காமல், தன் முடிவைச் சொன்னார்.

"தப்பு எங்க மேலதான் சார். ஒத்துக்கறேன். எங்கப்பா காலத்துலேர்ந்து தப்பு பண்ணா பண்ணன்னு சொல்றவங்க நாங்க. குழாயப் பாத்துக்கற பொம்பளைக்கு ஒரு காது கேக்காது. நீங்க போன்ல சொன்னது அவங்க காதுல சரியா வுழல. அப்டிப்பட்ட ஆள வெச்சது என் தப்பு."

பெரிய மனதோடு பேசுகிறவரிடம் சண்டை போடவும் முடியவில்லை. தரிசனத்துக்கு வரிசை, பிறகு அவருடைய பாவா வீட்டில் புளிச்சக்கீரைக் கோங்குராத் தொக்கோடு சாப்பாடு. பாவா என்பது அக்கா கணவர். தமிழும் தெலுங்கும் ஒரே பானையில் பொங்கும் ஊர் இது. பாவாவின் மகள் பட்டப்படிப்பு முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள் என்பதைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் மூன்று பேர் எனக்குச் சொன்னார்கள். ஏன் என்னிடம் சொல்கிறார்கள் என்று அப்போது விளங்கவில்லை. கை கழுவி வெளியே வந்தால் பொழுது சாய்ந்திருந்தது. "நாளைக்கிப் பாத்துக்கலாம் சார்" என்றார் முனிரத்தினம். லிம் அம்மையார் அதற்குள் போனில் மூன்று தடவை எழுதிக் கேட்டுவிட்டார், "என்ன கண்டுபிடித்தாய்?" கோயிலையும் கோங்குராத் தொக்கையும் கண்டுபிடித்தேன் என்று எப்படி எழுதுவது?

மறுநாள் காலை போன் வந்தது. பைக் பஞ்சராம். "பஸ் புடிச்சி வந்துடுங்க சார், பக்கத்துலதான்."

பேருந்து நிலையத்தில் ஒரு நடத்துநரிடம், இது திருவாலங்காடு போகுமா என்று கேட்டேன். "ஆங்" என்றார். காதில் விழவில்லை போலிருக்கிறது என்று இன்னும் சத்தமாகக் கேட்டேன். மறுபடி "ஆங்." மூன்றாவது தடவை வாயருகே கையைக் குவித்துக்கொண்டு கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு விசிலை ஊதினார். பேருந்து போய்விட்டது. பக்கத்தில் வேர்க்கடலை விற்றவர்தான் சொன்னார், "ஆங்குனா ஆமான்னு அர்த்தம் சார். வெளியூரா?"

வெளியூர்தான் என்று ஒப்புக்கொண்டு, அடுத்த பேருந்தில் தலையை ஆட்டியவரை நம்பி ஏறினேன். அது எதிர்ப்பக்கம் போகிற வண்டி. திருவாலங்காட்டுப் பக்கத்துக் கரும்பு வயல் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தால் விசைத்தறிச் சத்தம் வந்தது. "பள்ளிப்பட்டு வண்டி சார் இது, உன்னைய யாரு ஏறச் சொன்னது?" என்று நடத்துநர் கேட்டபோது கடைப் பலகைகள் எல்லாம் தெலுங்கில் இருந்தன. இறக்கிவிட்ட இடத்தில் இரண்டு பெண்கள் என்னைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். சோடாக் கடைக்காரர் மொழிபெயர்த்தார். 'பாவம், மொட்டைகூடப் போடாமல் திரும்பிப் போகிறார்' என்றார்களாம். பகல் சாப்பாட்டுக்குத்தான் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தேன், என்ன மனநிலையில் என்று சொல்ல வேண்டியதில்லை.

சாலையோரம் தகரக் கூரை போட்ட கொட்டகை. உள்ளே சர்க்கரை கரைக்கும் தொட்டி, பம்பு, ஆளுயரக் கண்ணாடிக் குழாய். குழாய்க்குப் பக்கத்தில் தலையில் துண்டு கட்டிய ஒரு பெண் நின்றார். நாற்பது வயது இருக்கலாம். வலது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு பேசினார்.

"வாங்க சார். நான்தான் ஜமுனா. உங்க கொரல்தான் எனக்குத் தெரியும். ஆள இப்பதான் பாக்கறேன்."

உண்மைதான். எட்டு மாதத்துக்கு முன் இவருக்குப் போனில் பாடம் நடத்தியவன் நான். கிருத்திகை விடுமுறைக்கு முன்னால் குரல் செய்தி அனுப்பியவனும் நானே. நொதி மணிகள் எப்போதும் ஈரத்திலேயே, பாகில் மூழ்கியே இருக்க வேண்டும். ஈரம் வற்றினால் நொதி உருக்குலைந்துவிடும், பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் திரும்பாது. அதைச் சுருக்கமாகச் சொல்லி அனுப்பியிருந்தேன்.

ஜமுனா ஒரு டப்பாவைத் திறந்து காட்டினார். விடுமுறைக்கு வெளியே எடுத்த மணிகளைக் குழாயில் மறுபடி கொட்டும்போது ஒரு பிடியைச் சாட்சிக்கென்று எடுத்து வைத்தாராம். அள்ளினேன். மணல் மாதிரி விரலிடுக்கில் ஓடியது. பொட்டு ஈரமில்லை.

"பாருங்க சார், நீங்க சொன்ன மாதிரியே. காயவே வுடல" என்றார்.

எனக்கு உச்சியில் ஏறியது. கையில் மணல். எதிரில் ஒருவர் காயவில்லை என்கிறார்.

"காஞ்சதாலதாம்மா செத்துப்போச்சு" என்றேன்.

"சத்தியமா காயல சார். எங்க வூட்டுல நெழல்ல, ஃபேனுக்குக் கீழ துணி போட்டு பரப்பி வெச்சேன். மூணு நாளும் தொட்டுத் தொட்டுப் பாத்துகினே இருந்தேன்."

நிழலில் உலர்த்தினால் அது உலர்த்துவது ஆகாதா? துணிந்து பொய் சொல்கிறார், அல்லது புத்தி மட்டு என்று முடிவுகட்டினேன். இரண்டில் எது என்று யோசிக்கும் பொறுமைகூட எனக்கில்லை. இனி பேசிப் பயனில்லை என்று சோதனையில் இறங்கினேன்.

ஆலையில் சோதனைக் கருவி என்று பெரிதாக ஒன்றுமில்லை. மருந்துக் கடையில் சர்க்கரை நோயாளிகளுக்கு விற்கும் காகிதப் பட்டைதான். பாகில் தண்ணீர் கலந்து பட்டையை முக்கினால், நொதி உயிரோடிருந்தால் நிறம் மாறும். முக்கினேன். மாறவில்லை. குழாயின் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்துப் பாகையும் பார்த்தேன். பட்டை வாங்கிவந்த நிறத்திலேயே இருந்தது.

முனிரத்தினம் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"நாளைக்கி எழுதிக் குடுத்துடுங்க சார், காது கேக்காததால வந்த வினைன்னு. அந்தம்மாவ நிறுத்திட்டு எங்க பாவா பொண்ண உக்கார வெச்சிடறேன். டிகிரி படிச்சிருக்கு. காதும் கேக்கும்."

நேற்றைய சாப்பாட்டின் பொருள் அப்போதுதான் விளங்கியது.

அவர் வெளியே போனதும் ஜமுனா வந்தார். எல்லாம் கேட்டிருந்தது. அழவில்லை, கெஞ்சவும் இல்லை.

"சார், ஒரு காது இல்ல, அது மெய்தான். ஆர்.கே.பேட்டைல பதினஞ்சு வருசம் தறிகிட்ட நின்னேன், அதுல போச்சி. ஆனா நீங்க அனுப்பிச்சத நல்ல காதுலதான் வெச்சிக் கேட்டேன். இருவது வாட்டி கேட்டிருப்பேன். என்ன வேணா எழுதுங்க, கேக்கலன்னு மட்டும் எழுதாதீங்க. அப்டி எழுதிட்டா இந்தப் பக்கம் எந்த கம்பெனிலயும் சேக்க மாட்டான். திரும்பவும் தறிக்குத்தான் போவணும். இருக்கற காதும் பூடும்."

மனம் கரைந்தது, ஆனால் எரிச்சலும் போகவில்லை. நான் நிரப்ப வேண்டிய படிவத்தில் தவறு யாருடையது என்று கேட்டு இரண்டே கட்டங்கள்தான் இருந்தன. பயன்படுத்தியவருடையதா, எங்களுடையதா. மனம் கரைவதற்குக் கட்டம் இல்லை. காதால் வந்ததோ, பொய்யால் வந்ததோ, முதல் கட்டம்தான் என்று நினைத்துக்கொண்டு விடுதிக்குத் திரும்பினேன்.

மூன்றாம் நாள் காலை வெந்நீருக்காகக் காத்திருக்காமல் பேருந்து நிலையத்துப் பக்கம் போனேன். ஒரு தள்ளுவண்டியில் ஓர் அம்மா போண்டா போடத் தயாராக இருந்தார். இரண்டு கேட்டேன்.

"எண்ணெ காயல சார். செத்த இருங்க."

இருந்தேன். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் அவசரப்பட்டார். "இன்னா அத்த, இன்னுமா காயல?"

"காயாத எண்ணெல போட்டா நீதான் துப்புவ. நல்லா காயட்டும் இரு" என்றார் அந்த அம்மா, வாணலிக்கு மேலே உள்ளங்கையைக் காட்டிப் பார்த்தபடி.

நான் அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். காயல. காயட்டும். வேட்டி காய்ந்தால் ஈரம் போய்விட்டது என்று பொருள். எண்ணெய் காய்ந்தால் சூடேறிவிட்டது என்று பொருள். பிறந்ததிலிருந்து இரண்டையும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், ஒருநாளும் உறைத்ததில்லை. போனில் நடத்திய பாடத்தில் நான் எதைப் பற்றி ஒரு மணி நேரம் கத்தினேன் என்பதும் நினைவுக்கு வந்தது. சூடு. சூடு ஏறினால் நொதி செத்துவிடும், சூட்டைக் கவனி, சூட்டைக் கவனி. ஈரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதாக ஞாபகம் இல்லை. குழாய் ஓடிக்கொண்டிருக்கும்போது ஈரத்தைப் பற்றி யார் பேசுவார்கள்?

போண்டா வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்த ஆட்டோக்காரரையே இழுத்துக்கொண்டு ஆலைக்குப் போனேன். அவருக்கும் போண்டா போயிற்று, வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார்.

ஜமுனாவிடம் அந்தக் குரல் செய்தியைப் போடச் சொன்னேன். போட்டார். என் குரல், அதிகாரமாக, கொஞ்சம் அலுப்பாக. "லீவு முடியிற வரைக்கும் மணி காயக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் காய விடாதீங்க. அவ்வளவுதான்."

"காயக் கூடாதுன்னா என்னன்னு நினைச்சீங்க?" என்று கேட்டேன்.

"சூடாவக் கூடாதுன்னு. வேற இன்னா?"

"ஈரம் போகக் கூடாதுன்னு."

அவர் என்னைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார்.

"அப்ப ஈரம்னு சொல்லியிருக்கலாமே சார்" என்றார்.

அவரே தொடர்ந்து சொன்னார். கிருத்திகைக்கு மறுநாள் கரண்டு இருக்காது என்று அறிவித்திருந்தார்களாம். ஆடி வெயில், தகரக் கூரை, உள்ளே வெதுவெதுப்பான பாகு. குழாயிலேயே விட்டால் மணிகள் வெந்துவிடும் என்று பயந்திருக்கிறார். பாகை வடித்து, குளிர்ந்த தண்ணீரில் அலசி, பக்கெட்டில் அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். கரண்டு நின்ற நேரத்தில் விசிறியால் விசிறியிருக்கிறார். வெயில் நகர நகரத் துணியையும் நகர்த்தியிருக்கிறார்.

"எங்க வூட்டுல ஒரே ஃபேனு சார். மூணு நாளும் இதுக்குத்தான் ஓடிச்சி. நாங்க வெளியில பாய் போட்டுப் படுத்தோம்."

வெட்கமாக இருந்தது. நேற்று இவரைத்தான் பொய்க்காரி என்று நினைத்தேன். இத்தனை பாடுபட்டு யாரும் ஒரு நொதியைக் கொன்றிருக்க மாட்டார்கள், அத்தனையும் என் பேச்சைத் தட்டாமல் கேட்டதால்.

லிம் அம்மையாரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "உலர்வதற்கும் சூடாவதற்கும் உங்கள் மொழியில் ஒரே சொல்லா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "இது உனக்குத் தெரியும்தானே?" தெரியும் என்றேன். "அப்புறம் என்னதான் உனக்குத் தமிழ் தெரியும்?" என்று கேட்டுவிட்டு, புது மணிகள் அனுப்ப ஏற்பாடு செய்வதாகச் சொல்லி வைத்துவிட்டார். இந்த ஆண்டு எனக்குப் பதவி உயர்வு கிடைக்காது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

படிவத்தில் இரண்டாவது கட்டத்தில் குறியிட்டேன். காரணம் என்ற இடத்தில் என் பெயரை எழுதி, நான் அனுப்பிய செய்தியை அப்படியே எழுதி, அதற்கு இரண்டு பொருள் உண்டு என்றும் எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதியதை முனிரத்தினத்தின் அறையில் உட்கார்ந்து தமிழில் அவருக்கு விளக்கினேன். ஜமுனாவையும் கூப்பிடச் சொல்லியிருந்தேன். வாசற்பக்கம் நின்றார்.

முனிரத்தினம் தாளைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பேனாவை எடுத்தார், வைத்தார்.

"பாவாவுக்கு வாக்குக் குடுத்துட்டேனே சார்" என்றார்.

"அவங்க ஒரு வார்த்த விடாம சரியாதான் கேட்டிருக்காங்க. தப்பு சொன்னவன் மேல. அந்தச் சொன்னவன் நான்."

அவர் தாளை மடித்து மேசையில் வைத்தார். பிறகு ஜமுனாவின் பக்கம் திரும்பாமலே, "புது மணி வந்தா நீயே குழாய்ல எறக்கிடும்மா" என்றார். அவ்வளவுதான். காதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எழுந்திருக்கலாம் என்று நான் நாற்காலியைப் பின்னால் தள்ளினேன்.

"சார், இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றார் ஜமுனா.

அவருடைய இடது பக்கம் நான் உட்கார்ந்திருந்தது அப்போதுதான் உறைத்தது. எழுந்து வலது பக்கம் போய் நின்று, கொட்டகை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். "நீங்க சரியாதான் கேட்டீங்க. ஒரு வார்த்தகூட தப்பா கேக்கல."

"எனக்கு அப்பவே கேட்டுச்சி சார்" என்றார் ஜமுனா. "ஓனருக்குக் கேக்கட்டும்னுதான்."